புதுத் துணியை வெட்டி ஒட்டுப்போடும் ஊர்

கனடாவில் கிச்சனர், வாட்டர்லூ பக்கம் குடிவந்து, தையல் தெரிந்தும் வேலை எதுவும் அமையாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன்: பக்கத்தில் எந்தச் சர்ச்சில் குவில்ட், அதாவது ஒட்டுத்துணிப் போர்வை, தைக்கிறார்கள் என்று விசாரித்துப் போய் உட்காருங்கள். ரெஸ்யூமே எழுதச் சொல்லித்தரும் வகுப்புக்கு அப்புறம் போகலாம், அது எங்கும் ஓடிப்போகாது. மதம் மாற்றிவிடுவார்களோ என்று என் வீட்டுக்காரருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நான் போகிற இடத்தில் இதுவரை டீயும் பிஸ்கட்டும்தான் தந்திருக்கிறார்கள்.

இந்த வட்டாரத்துக்கு 1800களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து காடு திருத்திக் குடியேறியவர்கள் மென்னோனைட் கிறிஸ்தவர்கள். பழைய வழக்கத்தை விடாதவர்கள் செயின்ட் ஜேக்கப்ஸ் பக்கம் இன்றும் குதிரை வண்டியில்தான் போகிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களின் கைவேலைதான் குவில்ட்: துண்டுத் துணிகளைக் கோத்துத் தைத்த மேல்துணி, அடியில் ஒரு துணி, நடுவில் பஞ்சு, மூன்றையும் சேர்த்து ஓடும் தையல். 1967இல் நியூ ஹாம்பர்க்கில் நிவாரண நிதிக்காக ஒரு விற்பனை தொடங்கினார்கள், அதில் குவில்ட் ஏலம்தான் பெரிய விசேஷம். நாங்கள் தைப்பது அந்த ஏலத்துக்குப் போகிற ரகம் இல்லை. அகதிகளுக்கு அனுப்பும் சாதாரணப் போர்வை, சுமார் 60 அங்குலத்துக்கு 80. அதில் ஓடும் தையல்கூடக் கிடையாது, நாலைந்து அங்குலத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டால் தீர்ந்தது.

நான் திருப்பூர்க்காரி. கல்யாணத்துக்கு முன் பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைத்தேன், அப்புறம் வீட்டிலேயே பிளவுஸ். அதனால் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு எந்த ஊரும் ஒன்றுதான். ஆனால் இவர்கள் எனக்கு முதலில் கொடுத்தது மெஷின் இல்லை, அயர்ன் பாக்ஸ். அதையும் நம் ஊர் மாதிரி இழுத்துத் தேய்க்கக் கூடாதாம், துணி கோணிவிடும். தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு தடவை.

பிறகு லாக் கேபின் கட்டம் சொல்லிக்கொடுத்தார்கள். நடுவில் இரண்டரை அங்குலத்தில் ஒரு சிவப்புச் சதுரம். அதைச் சுற்றி ஒன்றரை அங்குல அகலப் பட்டைகள், மரவீட்டுக்குக் கட்டை அடுக்குகிற மாதிரி. இரண்டு பக்கம் வெளிர் நிறம், அடுத்த இரண்டு பக்கம் அழுத்தமான நிறம், அப்படியே நாலு சுற்று. முடிந்ததும் கட்டம் பத்தரை அங்குலம் வரவேண்டும். மற்ற கட்டங்களோடு சேர்த்துத் தைத்தபின் பத்து. தையலுக்கு ஓரத்தில் விடுவது சரியாகக் கால் அங்குலம், இரண்டு ஓரமும் போக ஒரு பட்டை வெளியே ஒரு அங்குலம்தான் தெரியும்.

இந்தக் கால் அங்குலம்தான் பிளவுஸ் தைத்த கைக்குப் பெரிய சோதனை. நம் ஊரில் பிளவுஸுக்கு உள்ளே தாராளமாகத் துணி விட்டால்தான் நல்ல டெய்லர். பிள்ளை பெற்று உடம்பு கூடினால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். குவில்ட்டில் அந்தத் தாராளம் செல்லாது. கட்டத்தின் குறுக்கே எட்டுத் தையல் வருகிறது. ஒவ்வொன்றிலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு அதிகமாக விட்டால், துணியின் இரண்டு ஓரமும் உள்ளே போய், கடைசியில் கட்டம் ஒரு முழு அங்குலம் சுருங்கி நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்தவர் தைத்த கட்டத்தோடு அது எங்கே சேரப்போகிறது?

நடுவிலுள்ள சிவப்புச் சதுரம், வீட்டின் அடுப்பைக் குறிக்கும் என்பார்கள். கறுப்பு வைத்தால், தப்பி ஓடிவந்த அடிமைகளுக்கு இங்கே ஒளிய இடமுண்டு என்று காட்டிய ரகசிய அடையாளம் என்றும் ஒரு கதை ஓடுகிறது. வரலாறு எழுதுபவர்கள் பலரும் அதற்கு ஆதாரமில்லை என்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு. இதே கட்டங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கினால் ஒரு விதத்தில் பெரிய பெரிய வைரம் தெரியும், இன்னொரு விதத்தில் சாய்ந்து ஓடும் உழவுச்சால் தெரியும். தைத்து முடித்துத் தரையில் பரப்பிப் பார்க்கும்வரை எது என்று முடிவு செய்யவே தேவையில்லை.

அம்மாவிடம் வீடியோ காலில் காட்டினால், "ஏங்கண்ணு, புதுத் துணியை வாங்கி வெட்டி ஒட்டுப் போடறதுக்கா அவ்வளவு தூரம் போனே?" என்று கேட்டது. கேள்வி நியாயம்தான். கடையில் குவில்ட் துணி மீட்டர் இருபது டாலர் அளவில் விற்கிறது. கிழிசலை வீணாக்காமல் இருக்கத் தொடங்கிய வேலைக்கு இவ்வளவு காசா என்று எனக்கும் வயிறு எரியும். அதுவும் பனியன் வேஸ்ட்டை மூட்டை மூட்டையாகப் பார்த்து வளர்ந்தவளுக்கு! சர்ச்சுக்குத் தானமாக வரும் துணி இருப்பதால் பிழைத்தேன்.

பேச்சும் அந்த மேசையில்தான் எனக்கு வந்தது. இன்டர்வியூ மாதிரி முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை, எல்லார் கண்ணும் துணிமேல். பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாலும் யாரும் கவனிப்பதில்லை. பனிக்குச் செருப்புக்கடையில் எந்த பூட்ஸ் வாங்குவது, யார் நல்ல பல் டாக்டர் என்பதெல்லாம் அங்கே கேட்டுத் தெரிந்ததுதான்.

இப்போது என் கண் அம்மாவின் பீரோ மேல். விசேஷ வீடுகளில் தாம்பூலத்தோடு வைத்துக்கொடுத்த ரவிக்கைத் துணி, யாரும் தைத்துப் போடாமல் கைமாறிக் கைமாறி அங்கே அடுக்கடுக்காகக் கிடக்கிறது. டூ பை டூ ரூபியா, ஒவ்வொன்றும் எண்பது சென்டிமீட்டர், இல்லாத நிறம் கிடையாது. இந்த ஊர்த் துணியைவிட மெல்லிசு, வெட்டுமுன் கஞ்சி போட்டுக்கொள்ள வேண்டும். சிவப்பும் கருநீலமும் சாயம் போகும் என்பதால் தனித்தனியாக நாலு தண்ணீர் அலச வேண்டும். அடுத்த மாதம் நாத்தனார் வருகிறாள். முறுக்கு, பருப்புப்பொடி எதுவும் வேண்டாம், பெட்டியில் அந்த இடத்துக்குப் பிளவுஸ் பிட்டை வை என்று சொல்லியிருக்கிறேன். அம்மா பாதியைத்தான் கொடுக்குமாம், மீதி அடுத்த கல்யாணத்துக்கு வேண்டுமாம்.