கேபிளைச் சந்தேகிக்க மூன்று வாரம் ஆனது

வீட்டில் எட்டு இடங்களில் வெப்பநிலையை அளக்க டி.எஸ்.18பி20 சென்சார்கள், கூடத்தில் அவற்றைப் படிக்க ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கணினி ஒன்று. மேஜைமேல் வைத்துச் சோதித்தபோது எட்டும் முதல் தடவையிலேயே பதில் சொல்லின. சுவரில் ஏற்றிய பிறகுதான் தொல்லை ஆரம்பமானது.

கூடத்திலிருந்து ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி கேட் 5இ கேபிள் இழுத்திருந்தேன். இணைய இணைப்புக்கு அப்படித்தானே இழுக்கிறோம்! ஒவ்வொன்றாகச் செருகினால் எல்லாம் ஒழுங்கு. எட்டையும் ஒரே டேட்டா கம்பியில் சேர்த்தால் ஒரு சமயம் ஐந்து தெரியும், ஒரு சமயம் இரண்டு, சில சமயம் ஒன்றுமே இல்லை. சென்சார்கள்தான் போலி என்று நினைத்து, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்குப் போய் நான்கு புதிதாக வாங்கி வந்தேன். அவையும் அப்படியே. பணமும் போனது, ஒரு சனிக்கிழமையும் போனது.

கோளாறு கம்பி பிரிந்து போன விதத்தில் இருந்தது. நட்சத்திரம் போலக் கிளைகள் பிரிந்தால் ஒவ்வொரு முனையிலும் சிக்னல் மோதித் திரும்பி, எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. அறை அறையாகத் தொடர்ந்து செல்லும் ஒரே கம்பிதான் இதற்குச் சரி. மறுபடி சுவரை உடைக்க மனம் வரவில்லை. கேபிளுக்குள் நான்கு ஜோடி இருந்ததால் பிழைத்தேன். நீல ஜோடியில் டேட்டாவும் கிரவுண்டும் அறைக்குப் போய், பச்சை ஜோடியில் கூடத்துக்குத் திரும்பி, அடுத்த கேபிளின் நீல ஜோடியில் ஏறும். ஆரஞ்சு ஜோடி மின்சாரத்துக்கு. நீளம் இரட்டிப்பாவதால், டேட்டா கம்பியை மின்சாரக் கம்பியோடு இணைக்கும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 2.2 கிலோ ஓம் போட்டேன். அந்த ரெசிஸ்டரை 3.3 வோல்ட்டில் மட்டுமே இணையுங்கள். 5 வோல்ட் கொடுத்தால் ராஸ்பெர்ரி பை பழுதாகிவிடும்.

ஏழு சென்சார்கள் உடனே வந்தன. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மட்டும் அடிக்கடி 85 டிகிரி காட்டியது. அது வெப்பநிலையே அல்ல. மின்சாரம் விட்டுவிட்டு வந்தால், புதிதாக அளப்பதற்கு முன் சென்சாரில் இருக்கும் எண் அது. மாடிக்கு ஓடி, கேபிள் முனையில் இருந்த ஆர்ஜே45 பிளக்கைத் தொட்டேன். ஆரஞ்சுக் கம்பி ஒடிந்து கையோடு வந்தது. முனையைப் பிளேடால் சுரண்டினால் செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம்! "சுத்தமான காப்பர்" என்று சொல்லி விற்ற கேபிள். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே சுரண்டிப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள்.

மாடிக்கு உண்மையான செம்புக் கேபிள் மாற்றினேன். வெயிலும் மழையும் படும் அந்த இடத்தில் பிளக்கே வேண்டாம் என்று சாலிடர் வைத்து, சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் போட்டு, மூடிய பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அறைகளில் ஆர்ஜே45 போதும். ஆனால் ஒற்றைக் கம்பிக்கும் பல இழைக் கம்பிக்கும் பிளக் வேறு வேறு, கேட்டு வாங்குங்கள். யாரும் தவறுதலாக ரூட்டரில் செருகிவிடாதபடி எல்லாவற்றிலும் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன்.

நேற்றிரவு முழுவதும் எட்டும் ஒன்றுகூட விடாமல் வந்தன. காலை 5 மணிக்குத் தொட்டித் தண்ணீர் 27.8125 டிகிரி.