மேல்மாடி வகுப்பறையில் பிற்பகல் இரண்டு மணி

என் மகள் படிக்கும் பள்ளியிலிருந்து சென்ற வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது. வரும் கல்வியாண்டிலிருந்து ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பிரிவுக்கு மட்டும் ஏசி பொருத்தப்படும் என்றும், அந்தப் பிரிவில் பிள்ளையைச் சேர்க்க விரும்பும் பெற்றோர் கூடுதல் கட்டணத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும் என்றும் அதில் இருந்தது. நான் இன்னும் கையெழுத்திடவில்லை. ஏன் இடவில்லை என்பதையும், பள்ளிக்கு ஏசி எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்த நான் இப்போது ஏன் அப்படிக் கேட்பதில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

நாங்கள் இருப்பது வேலூரில். மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு என்று இந்த ஊரைப் பற்றி ஒரு பழைய சொலவடை உண்டு. வெயில் காலத்தில் அதன் பொருளைத் தோலே உணர்ந்துகொள்ளும். கத்திரி வெயில் மே மாதத்தில்தானே, அப்போது பிள்ளைகளுக்கு விடுமுறைதானே என்பது நான் அடிக்கடி கேட்கும் வாதம். ஆனால் மார்ச் பாதியிலேயே இங்கே பகல் கொதிக்கத் தொடங்கிவிடுகிறது, பொதுத்தேர்வுகளும் ஆண்டுத் தேர்வுகளும் அந்த மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் நடக்கின்றன. ஜூனில் பள்ளி திறக்கும்போதும் வெயில் தணிந்திருக்கும் என்ற உறுதி இல்லை. 2023ஆம் ஆண்டு ஜூன் 1 என்று அறிவித்த திறப்பு ஜூன் 7க்கும், பிறகு பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 12, தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 14 என்றும் தள்ளிப்போனது. அடுத்த ஆண்டும் ஜூன் 6 என்றிருந்தது 10ஆம் தேதியானது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, ‘நாங்கள் படிக்கவில்லையா, எங்களுக்கு என்ன ஏசியா இருந்தது’ என்று சொல்லி இந்தப் பேச்சை முடித்துவிட முடியாது.

அந்த வார்த்தைகளை நானும் சொல்லியிருக்கிறேன். என் எண்ணம் மாறியது சென்ற ஏப்ரலில், மதிப்பெண் அட்டையில் கையெழுத்திடப் பள்ளிக்குச் சென்ற ஒரு பிற்பகலில். மகளின் வகுப்பு மூன்றாம் மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிறது. மணி இரண்டு இருக்கும். வாசலைத் தாண்டியதும் முகத்தில் அறைந்தது வெளிக்காற்றைவிடச் சூடான காற்று. மேற்குச் சுவரில் கை வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று நேரமான பாத்திரம்போல் இருந்தது. நாற்பது பிள்ளைகள் ஒரு பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய எல்லோருடைய வலது கையின் அடியிலும் ஒரு கைக்குட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. வியர்வை பட்டால் விடைத்தாளில் மை ஊறிப் பரவிவிடும் என்பதால் அது பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துக்கொண்ட வழி. நான்கு மின்விசிறிகளில் இரண்டு மெதுவாகச் சுற்றின, இரண்டு நின்றிருந்தன. பழுதா என்று கேட்டேன். இல்லை, வேகமாக வைத்தால் தாள்கள் பறக்கின்றன, அதனால் பிள்ளைகளே குறைக்கச் சொல்கிறார்கள் என்றார் ஆசிரியை. பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார்: “கடைசி ரெண்டு பீரியடு நான் புதுப் பாடமே எடுக்கறதில்லை சார். எடுத்தாலும் ஏறாது.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை உலுக்கியது. ஒரு நாளுக்கு இரண்டு பாடவேளை என்று மூன்று மாதங்களுக்குக் கணக்கிட்டால், மேல்மாடிப் பிள்ளைகள் கீழ்த்தளத்துப் பிள்ளைகளைவிட எவ்வளவு குறைவாகக் கற்கிறார்கள்! கட்டணம் எல்லோருக்கும் ஒன்றுதான். மறுநாளே இருநூறு ரூபாய்க்கு ஒரு வெப்பமானி வாங்கி மகளிடம் கொடுத்தனுப்பினேன். ஆசிரியையின் அனுமதியோடு இரண்டு வாரம் அவள் குறித்துக்கொண்டு வந்தாள். பிற்பகல் இரண்டு மணிக்குப் பெரும்பாலான நாட்களில் 38 டிகிரி, அதே நேரத்தில் கீழ்த்தளத்தில் அவள் தோழியின் வகுப்பில் 34.

வெப்பம் படிப்பைக் கெடுக்கிறது என்பது சோம்பலுக்குச் சொல்லும் சாக்கு அல்ல. அமெரிக்காவில் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு முன்னோட்டமாகப் பள்ளி மாணவர்கள் எழுதும் பிஎஸ்ஏடி தேர்வில் ஒரு கோடிப் பேர் பெற்ற மதிப்பெண்களை வைத்து, ஜிசுங் பார்க் என்ற பொருளியலாளரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஏசி இல்லாத பள்ளிகளில் ஆண்டின் வெப்பம் ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி கூடினால் அந்த ஆண்டில் கற்பதில் ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். ஏசி இருந்த பள்ளிகளில் அந்த இழப்பு பெரும்பாலும் இல்லை. அவர்களுடைய வெயிலும் நம் வெயிலும் ஒன்றல்ல, உடல் ஓரளவு பழகிக்கொள்ளும் என்பதும் உண்மை. ஆனால் நம் தோலின் வெப்பமே சுமார் 35 டிகிரிதான். அறைக் காற்று அதைத் தாண்டிவிட்டால் மின்விசிறி சூட்டைத்தான் நம் உடல்மேல் தள்ளுகிறது. வியர்வை உலரும் அளவுக்கு மட்டுமே அது உதவும். அந்த வியர்வைக்கான தண்ணீரைக் குடிக்கவோ, கழிப்பறையை நினைத்துப் பல பெண் பிள்ளைகள் தயங்குகிறார்கள். இது தனியே எழுத வேண்டிய செய்தி.

இந்தச் சூட்டில் பெரும்பங்கு கட்டடத்தின் தலையிலிருந்து இறங்குகிறது. என் தொடக்கப் பள்ளி கீற்றுக்கொட்டகையில் நடந்தது. அங்கே ஏப்ரலில்கூடத் தூக்கம் வரும் அளவுக்குக் குளுமை இருக்கும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையற்கூடத்துத் தீ கீற்றுக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. அதன்பின் மாநிலம் முழுவதும் பள்ளிகளிலிருந்து கீற்று இறக்கப்பட்டது. அது சரியான முடிவு, அதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. ஆனால் கீற்று போன இடத்தில் வந்தவை கான்கிரீட்டும் தகரமும்தான். தீயிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றிய நாம், வெயிலைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கெட்டித்து, மேலே தட்டோடு பதித்தார்கள். இன்றைய ஐந்து அங்குல கான்கிரீட் தளமோ காலையிலிருந்து வெயிலைக் குடித்து, பிள்ளைகள் மதிய உணவு முடித்து வந்து உட்காரும் வேளையில் அதை உள்ளே இறக்குகிறது.

இந்தத் தளத்தை அப்படியே விட்டுவிட்டு அதற்குக் கீழே ஏசியை மாட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஏசி மெக்கானிக்காக இருக்கும் என் மைத்துனரிடம் கணக்குக் கேட்டேன். ஒரு டன் ஏசி என்பது மூன்றரை கிலோவாட் வெப்பத்தை வெளியே எடுத்துப் போடும் திறன். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் உடலே எழுபது, எண்பது வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. நாற்பது பிள்ளைகள் என்றால் அவர்களுக்கு மட்டுமே ஏறக்குறைய ஒரு டன் போய்விடும். தளத்தின் சூடும் மேற்குச் சுவரின் சூடும் தனி. ஆக, அறைக்கு ஒன்றரை டன் ஏசி குறைந்தது இரண்டு வேண்டும், பள்ளியின் மின் இணைப்பையும் கூட்டி வாங்க வேண்டும் என்றார். மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதையும் யாராவது யோசித்திருக்க வேண்டும். ஏசிக்காகச் சன்னல்களைக் கண்ணாடியிட்டு அடைத்துவிட்ட அறை, ஜெனரேட்டர் இழுக்காத நேரத்தில் முன்பைவிடக் கொடுமையாகிவிடும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை. சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திருப்பி விடுகிறது. வெளியே கார்பன் டை ஆக்சைடு 420 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 420 பங்கு, என்ற அளவில் இருக்கிறது. நாற்பது பேர் மூச்சுவிடும் மூடிய வகுப்பறையில் ஒரு பாடவேளை முடிவதற்குள் அது ஆயிரங்களைத் தொட்டுவிடும். குளுமையான அறையிலும் பிள்ளைகள் கொட்டாவி விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒருவருடைய சளியும் காய்ச்சலும் நாற்பது பேருக்கும் பரவுவது இன்னொன்று. வெளிக்காற்றை இழுக்கும் ஒரு விசிறியும், பாடவேளைகளுக்கு இடையில் கதவைத் திறந்துவைக்கும் வழக்கமும் இதைப் பெரிதும் சரிசெய்யும். சுற்றறிக்கையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

எல்லாவற்றையும்விட என்னைச் சங்கடப்படுத்துவது பிரிவு பிரிக்கும் யோசனைதான். 2024 மே மாதம் ஒரு தனியார் பள்ளி மாதம் 2,000 ரூபாய் ஏசி கட்டணம் வாங்கியதை எதிர்த்த வழக்கில், அந்தச் செலவைப் பெற்றோர்தான் ஏற்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. செலவு எங்களுடையது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகச் செலவழிப்பது வேறு, ஒரே தாழ்வாரத்தில் ‘ஏ’ பிரிவு குளிரிலும் ‘சி’ பிரிவு சூட்டிலும் உட்கார்ந்து ஒரே வினாத்தாளை எழுதுவது வேறு. ஆட்டோ ஓட்டுபவரின் மகளும் என் மகளும் இப்போது ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். என் கையெழுத்து அவர்களைப் பிரித்துவிடும்.

ஆகவே என் நிலை இது. மேல்மாடியின் எட்டு அறைகளுக்கு ஏசி வேண்டும், எல்லாப் பிரிவுகளுக்கும் வேண்டும், ஆனால் முதலில் தளத்தைச் சரிசெய்ய வேண்டும். வெள்ளைப் பூச்சு அடித்த தளத்தின் கீழ் அறை இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை தணிகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதைச் செய்து, மேற்குச் சன்னல்களுக்கு வெளியே மறைப்பு கட்டினால், ஏசி ஓட வேண்டிய மாதங்களும் நேரமும் குறையும். அதையும் 26 டிகிரியில் வைத்து, விசிறியை மெதுவாக ஓட விட்டால் போதும், 20க்கு இறக்கிப் பிள்ளைகளை ஸ்வெட்டர் போட வைக்க வேண்டியதில்லை. கீழ்த்தள அறைகளுக்கு இப்போதைக்கு நல்ல விசிறிகளே போதும். இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஆந்திரத்துச் சித்தூரில் மார்ச் நடுவிலிருந்து காலை மட்டுமே பள்ளி நடத்துகிறார்கள். நம் பக்கம் அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. டையையும் சாக்ஸையும் ஷூவையும் கோடையில் கழற்றச் சொல்ல ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

பெற்றோர் கூட்டம் வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. கூட்டம் நடக்கும் அலுவலக அறையில் ஏற்கெனவே ஏசி இருக்கிறது. கூட்டத்தைப் பிற்பகல் இரண்டு மணிக்கு மாற்றி, மூன்றாம் மாடியில் என் மகளின் வகுப்பறையில் நடத்தும்படி முதல்வருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். வெப்பமானிக் குறிப்பேட்டின் நகலையும் அதனுடன் இணைத்திருக்கிறேன்.