விமானி ஆங்கிலப் பரீட்சையும் விபத்து ஒலிப்பதிவுகளும்

இரத்மலானையில் பறக்கப் பழகும் தம்பி, தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்கு எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம் என்பதுதான். ஏதாவது ஒரு நல்ல புத்தகம் போதும். எனக்கு நிலை 5 கிடைத்ததற்குக் காரணம் புத்தகத்தைவிட, விமான விபத்துகளின்போது பதிவான விமானி – தரையிலிருக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் உரையாடல்களைக் கேட்டதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

பரீட்சையைப் பற்றிச் சுருக்கமாக: சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1 முதல் 6 வரை நிலைகளை வகுத்திருக்கிறது. சர்வதேசப் பறப்புக்குக் குறைந்தது நிலை 4 வேண்டும். உச்சரிப்பு, இலக்கண அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், பதிலுரை ஆகிய ஆறையும் தனித்தனியே பார்ப்பார்கள். ஆறில் மிகக் குறைந்த புள்ளியே உங்கள் நிலை. மற்ற ஐந்திலும் 5 வாங்கி, புரிதலில் மட்டும் 3 வாங்கினால் நீங்கள் நிலை 3 தான். தமிழ் மொழிமூலம் உயர்தரம் படித்து வந்த நம்மவர்கள் இலக்கணத்தில் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. இரைச்சலுக்கு நடுவே, பழக்கமில்லாத உச்சரிப்பில், வேகமாக ஒருவர் பேசும்போதுதான் கை நடுங்குகிறது.

ஆனால் எடுத்த எடுப்பில் விபத்துப் பதிவுகளுக்குப் போகாதீர்கள். முதலில் சில வாரங்கள் சாதாரண நாட்களின் பதிவுகளைக் கேளுங்கள். ஒழுங்கான உரையாடல் எப்படி ஓடும் என்று காதுக்குத் தெரிந்தால்தான், அது எங்கே குலைகிறது என்பது பிடிபடும்.

அதன்பின் முதலில் கேட்க வேண்டியது ஏவியாங்கா 52. 1990 ஜனவரி 25, கொலம்பியாவிலிருந்து நியூயோர்க் போன போயிங் 707. மோசமான வானிலையில் மூன்று இடங்களில் மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமிட வைக்கப்பட்டு, எரிபொருள் தீர்ந்து லோங் ஐலண்டில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். வானொலியில் பேசியவர் துணை விமானி. அவர் 'ப்ரயாரிட்டி' (முன்னுரிமை) வேண்டும் என்றார். ஐந்து நிமிடம்தான் காத்திருக்க முடியும், மாற்று நிலையமான பொஸ்டனுக்கு இனிப் போக முடியாது என்றார். எல்லாம் உண்மை. ஆனால் உயிராபத்தை அறிவிக்கும் 'மேடே' என்றோ 'எமர்ஜென்சி' என்றோ ஒரு தடவையும் கட்டுப்பாட்டாளரிடம் சொல்லவில்லை. முதல் தரையிறக்க முயற்சி தவறியபின், அவசர நிலை என்று சொல்லும்படி தலைமை விமானி அறைக்குள் சொன்னது விசாரணை அறிக்கையில் இருக்கிறது. துணை விமானியோ, கட்டுப்பாட்டாளர் கொடுத்த திசையை ஒப்பித்துவிட்டு, மறுபடி முயல்வோம் என்று சொல்லி, அந்த வாக்கியத்தின் வாலில் 'வீ ஆர் ரன்னிங் அவுட் ஒஃப் ஃபியூவல்' என்று சேர்க்கிறார். கட்டுப்பாட்டாளர் 'ஓக்கே' என்கிறார்.

இதில் நான் படித்தது இதுதான். அந்தக் குரலில் பதற்றம் இல்லை; கேட்பவருக்கு அது இன்னொரு தாமதமான விமானம். நமக்கும் இந்த ஆபத்து உண்டு. பெரியவர்கள் முன் குரலை உயர்த்தாமல், கேட்டதை நயமாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பரீட்சையில் 'எஞ்சினில் தீ' என்று ஒரு சூழலைக் கொடுத்தால், பல மாணவர்கள் முதலில் வணக்கம் சொல்லி, பிறகு விளக்கம் சொல்லி, கடைசியில்தான் தீயைச் சொல்கிறார்கள். மூன்று முறை மேடே, விமானத்தின் அழைப்புப் பெயர், என்ன கோளாறு, என்ன செய்யப் போகிறீர்கள்: இந்த வரிசை தூக்கத்திலும் வர வேண்டும்.

அடுத்தது ஸ்பெயினின் தெனரீஃப் தீவு, 1977 மார்ச் 27. பனிமூட்டத்தில் இரண்டு போயிங் 747கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தது. ஒன்றான, நெதர்லாந்தின் கேஎல்எம் விமானத்திலிருந்து 'வீ ஆர் நவ் அட் டேக்-ஓஃப்' என்று ஒரு குரல். நிற்கிறார்களா, ஓடத் தொடங்கிவிட்டார்களா? கட்டுப்பாட்டுக் கோபுரம் 'ஓக்கே' என்று தொடங்கி, காத்திருக்கச் சொல்கிறது. அதே நொடியில் மற்றதான, அமெரிக்காவின் பான் ஆம் விமானம் தான் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாகச் சொல்ல, இரண்டு ஒலிபரப்பும் மோதி, கேஎல்எம் விமானி அறையில் கீச்சென்ற இரைச்சல் மட்டுமே கேட்டது. தெளிவாகப் போய்ச் சேர்ந்தது அந்த 'ஓக்கே' ஒன்றுதான். இன்று 'டேக்-ஓஃப்' என்ற சொல்லை அதற்கான அனுமதியை வழங்கவும் ரத்துச் செய்யவும் மட்டுமே பயன்படுத்துகிறோம். மற்ற இடங்களில் 'டிப்பார்ச்சர்'. விதியை மனப்பாடம் செய்வதைவிட அந்த உரையாடலைப் படிப்பது மேல்.

எண்களுக்கு, 1989 பெப்ரவரியில் கோலாலம்பூர் அருகே விழுந்த ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானம். 2,400 அடிக்கு இறங்கச் சொல்லி 'டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்றார்கள். 'டூ' என்ற முதல் எண்ணை, ஆங்கிலத்தில் அதே ஒலியுடைய, 'அந்த உயரத்துக்கு' என்பதைக் குறிக்கும் சொல்லாக எடுத்துக்கொண்ட விமானி, 'ஓக்கே, ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று ஒப்பித்தார். யாரும் திருத்தவில்லை. விமானம் மலையில் மோதியது. எண்ணைக் கேட்டதும் முழுதாக, அலகோடு திருப்பிச் சொல்லுங்கள்.

கேட்கும் முறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. முதல் தடவை நிறுத்தாமல் கேளுங்கள். இரண்டாம் தடவை கொப்பியில் எழுதுங்கள்: யார், யாருக்கு, என்ன. பிறகு விசாரணை அறிக்கையில் இருக்கும் எழுத்து வடிவத்தோடு ஒப்பிடுங்கள். அடுத்து, கட்டுப்பாட்டாளர் பேசியதும் நிறுத்தி, விமானி பதில் சொல்வதற்குள் நீங்கள் உரக்கச் சொல்லுங்கள். ஹெட்போன் வேண்டாம். வெள்ளவத்தையில் ஜன்னலைத் திறந்துவைத்தால் காலி வீதியின் 100 ஆம் இலக்க பஸ்ஸும் கடற்கரை ரயிலும் இலவசமாகவே இரைச்சல் தரும். 5ஐ 'ஃபைஃப்' என்றும் 9ஐ 'நைனர்' என்றும் சொல்லிப் பழகுங்கள். 'ஃப' நமக்கு எளிதில் 'ப' ஆகிவிடும். தமிழ்ச் சாயலுக்காகப் புள்ளி குறைக்க மாட்டார்கள், புரியாமல் போனால்தான் குறைப்பார்கள்.

இணையத்தில் கிடைக்கும் பதிவுகள் பெரும்பாலும் அமெரிக்காவினுடையவை. அங்கே காற்றழுத்தத்தைப் பாதரச அங்குலத்தில் சொல்வார்கள், நமக்கு ஹெக்டோபாஸ்கல். அலைவரிசையில் அவர்கள் 'பொயின்ட்' என்பார்கள், நாம் 'டெசிமல்'. காதுக்கு அமெரிக்கா, வாய்க்கு சர்வதேச விதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னணி இசை சேர்த்த பதிவுகளையும், நடிகர்களை வைத்துப் பேசிய பதிவுகளையும் தொடவே வேண்டாம்.

விளங்காவிட்டால் 'சே அகெய்ன்' என்று கேட்பது குற்றமில்லை. எதிர்பாராத சூழலில் தாமதமாகப் புரிந்துகொள்வதையும், விளக்கம் கேட்பதையும் நிலை 4க்கான அளவுகோலே அனுமதிக்கிறது. 2009இல் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தின் பதிவில், தலைமை விமானியே 1549 என்ற தன் அழைப்பு எண்ணை 1539 என்கிறார். ஆனால் பறவை மோதியதும், இரண்டு எஞ்சினிலும் உந்துவிசை போனதும், திரும்பி வருவதும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. 155 பேரும் பிழைத்தார்கள்.

இறந்தவர்களின் கடைசிக் குரல்களைக் கேட்டுப் படிப்பதா என்று அம்மா கேட்டார். 1978 நவம்பரில் கட்டுநாயக்க அருகே தென்னந்தோட்டத்தில் விழுந்து 183 பேரைப் பலிகொண்ட ஐஸ்லாந்து விமானத்தை அவருடைய தலைமுறை மறக்கவில்லை. இலங்கை விசாரணை விமானிகளைக் குற்றஞ்சாட்டியது. ஐஸ்லாந்துத் தரப்பு தரையிலிருந்த கருவிகளையும் ராடார் வழிகாட்டலையும் சொன்னது. அம்மாவின் கேள்வி நியாயமானது. விமானி அறைப் பதிவுகளை நான் தேடிப் போவதில்லை. வானொலிப் பதிவில் அலறல் பெரும்பாலும் இருக்காது. கட்டுப்பாட்டாளர் திரும்பத் திரும்ப அழைப்பதுதான் இருக்கும். அந்த இடத்துக்கு முன்பே நிறுத்திவிடலாம், படிக்க வேண்டியது அதற்கு முன்பே முடிந்திருக்கும். இரவில் தனியாகக் கேட்காதீர்கள், ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

நிலை 4 வாங்கினால் மூன்று ஆண்டுகளிலும், நிலை 5 வாங்கினால் ஆறு ஆண்டுகளிலும் மறுபடி சோதிப்பது வழக்கம். கொப்பியை எறிந்துவிடாதீர்கள்.