எப்போது தெரிந்தது?

சைபர் தாக்குதலுக்கு ஆளான நிறுவனங்களுக்குப் போய், என்ன நடந்தது என்று தோண்டிப் பார்ப்பது என் வேலை. எந்த வழியாக உள்ளே வந்தார்கள், எதையெல்லாம் தொட்டார்கள், எதை எடுத்துக்கொண்டு போனார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் என் பங்கு முடிந்தது என்று ஆரம்பத்தில் இருந்தேன். இப்போது நான் கொடுக்கும் அறிக்கையை முதலில் வாங்கிப் படிப்பவர் வக்கீல். அவர் ஹேக்கரைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. "நம்ம ஆட்களுக்கு இது எப்போ தெரிஞ்சது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

காரணம் இருக்கிறது. இந்தியாவில் சைபர் சம்பவங்களைக் கையாளும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி, பட்டியலில் உள்ள சைபர் சம்பவம் எதுவானாலும் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரில் தனிநபர் தகவல் கசிந்தது தெரிந்த 72 மணி நேரத்துக்குள். சிங்கப்பூரில், அறிவிக்க வேண்டிய கசிவுதான் என்று முடிவான பின் 3 நாள். அமெரிக்காவில் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் என்றால், பாதிப்பு முதலீட்டாளர்களுக்கு முக்கியமானது என்று தீர்மானித்ததிலிருந்து 4 வேலை நாள். கெடுதான் நாட்டுக்கு நாடு மாறுகிறது. திருடன் உள்ளே வந்த நேரத்திலிருந்து யாரும் எண்ணுவதில்லை. உங்களுக்குத் தெரியவந்த நேரத்திலிருந்தோ, தெரிந்ததை வைத்து நீங்கள் ஒரு முடிவுக்கு வந்த நேரத்திலிருந்தோதான் எண்ணுகிறார்கள்.

இது நியாயமான ஏற்பாடுதான். தெரியாத ஒன்றை எப்படிப் போய்ச் சொல்வது? ஆனால் இதற்கு ஒரு பக்க விளைவு உண்டு. தெரிந்துகொள்ளாமல் இருப்பதில் நிறுவனத்துக்கு ஒரு லாபம் வந்துவிடுகிறது. நன்றாகப் படித்த, பொறுப்பான மனிதர்கள் தங்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது என்று நிரூபிக்க எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் நம்ப முடியும். முதல் கான்ஃபரன்ஸ் அழைப்பிலேயே இது ஆரம்பித்துவிடும். "கசிவு" என்று யாராவது சொன்னால் உடனே இன்னொருவர் "சம்பவம்" என்று திருத்துவார். "இன்னும் கன்ஃபர்ம் ஆகலை" என்பது ஒரு மணி நேரத்துக்குள் பத்துத் தடவை காதில் விழும். முழு விவரம் கிடைக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்பார்கள். முழு விவரம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும் என்பது அறையில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரவுப் பணியில் கண்காணிப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன், அகால நேரத்தில் முழு அதிகாரம் உள்ள ஒரு அட்மின் கணக்கு உள்ளே நுழைந்ததைக் கவனித்து டிக்கெட் (புகார்ப் பதிவு) போட்டிருக்கிறான். அவனுடைய மேலாளர் அதைக் குறைந்த முன்னுரிமைக்கு மாற்றி, 'பேக்கப் வேலையாக இருக்கலாம், பிறகு பார்க்கவும்' என்று எழுதி வைத்துவிட்டார். சில நாள் கழித்து ஃபைல்கள் எல்லாம் பூட்டப்பட்டுக் கிடந்தன. கூட்டத்தில் இயக்குநர் அடித்துச் சொன்னார்: "எங்களுக்கு இன்னைக்குக் காலைலதான் சார் தெரியும்." டிக்கெட்டின் நகல் அப்போது வக்கீலம்மா கையில் இருந்தது. குரலை உயர்த்தாமல் கேட்டார்: "இதை எழுதின பையன் யார்கிட்ட சம்பளம் வாங்குறான் சார்?"

"அது வெண்டார் ஆள் மேடம், எங்க ஆள் இல்லை" என்று பதில் வந்தது.

இந்த இடம் உண்மையிலேயே சிக்கலானது. ஜிடிபிஆரில், உங்களுக்காக வேலை செய்யும் வெளி நிறுவனம், அதாவது வெண்டார், தாமதமில்லாமல் உங்களிடம் சொல்ல வேண்டும்; அவர்கள் சொன்னதிலிருந்துதான் உங்கள் நேரம் ஓடும் என்பது அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்புகளின் விளக்கம். அப்படியானால் வெண்டாரின் திரையில் தெரிந்தது உங்களுக்குத் தெரிந்ததாகுமா? அன்றைக்கு அந்தச் சிக்கலுக்குள் போகவே தேவைப்படவில்லை. முன்னுரிமையைக் குறைத்த மேலாளர் நிறுவனத்தின் நேரடி ஊழியர். டிக்கெட்டில் அவர் பெயரும் நேரமும் இருந்தன. இப்போதெல்லாம் வெண்டார் ஒப்பந்தத்தைப் பார்த்தால், எத்தனை மணிக்குள், யாரை, எந்த எண்ணில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்ற பிரிவைத்தான் முதலில் தேடுகிறேன். பெரும்பாலும் விலையைப் பற்றி பத்துப் பக்கம் இருக்கும். இதைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிர்ஷ்டம்.

கீழே உள்ளவர் மேலே சொல்லத் தயங்குவதன் விலையைச் சிங்ஹெல்த் விவகாரத்தில் பார்க்கலாம். 2018ல் சிங்கப்பூரின் அந்தப் பொது மருத்துவக் குழுமத்திலிருந்து சுமார் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. பிரதமராக இருந்த லீ சியன் லூங்கின் மருந்து விவரமும் அதில் அடக்கம். விசாரணைக் குழு முன் வெளிவந்தவற்றில் என்னை அதிகம் உறுத்தியது அந்த எண்ணிக்கை அல்ல. சந்தேகத்துக்குரிய நடமாட்டம் கீழ்மட்ட ஊழியர்களின் கண்ணில் முன்பே பட்டிருக்கிறது. மேலே புகார் செய்ய வேண்டிய அதிகாரியோ, சொன்னால் ஆளாளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டுத் துரத்துவார்கள் என்று நினைத்துத் தள்ளிப்போட்டிருக்கிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தொந்தரவு வேண்டாம் என்ற நினைப்பு, அவ்வளவுதான். 2019 ஜனவரியில் அபராதம் வந்தது: கணினி அமைப்பை நடத்திய நிறுவனத்துக்கு 7.5 லட்சம் சிங்கப்பூர் டாலர், சிங்ஹெல்த்துக்கு 2.5 லட்சம். இரண்டு பேருக்கு வேலை போனது. கணினி அமைப்பை நடத்திய நிறுவனத்தின் தலைமை நிர்வாகியும் தன் பங்குக்கு அபராதம் கட்டினார்.

தாமதத்துக்காகத் தண்டனை வாங்கியவர்களும் உண்டு. ஹோட்டல் முன்பதிவு செய்யும் புக்கிங்.காம் தளத்தில் 4,000 சொச்சம் வாடிக்கையாளர்களின் தகவல் போனது. 2019 ஜனவரி 13ல் தெரிந்ததை பிப்ரவரி 7ல்தான் சொன்னார்கள். 22 நாள் தாமதத்துக்கு நெதர்லாந்தில் 4,75,000 யூரோ அபராதம். ட்விட்டருக்கு 2020 டிசம்பரில் அயர்லாந்து விதித்தது 4,50,000 யூரோ. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் ஆட்கள் குறைவாக இருந்ததுதான் அங்கே காரணமாகச் சொல்லப்பட்டது. விடுமுறையில் யாரை எழுப்புவது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காத நிறுவனங்கள் இன்றும் ஏராளம். தாக்குபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நீண்ட வார இறுதி வந்தாலே எங்கள் மாதிரி ஆட்களுக்குத் தூக்கம் வராது.

முதல் சில மணி நேரத்தில் இன்னொன்று நடக்கும். ஐடி ஆள் தூக்கமில்லாமல் உழைத்து, சர்வர்களை ஃபார்மேட் செய்து, பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டு, திங்கட்கிழமை காலை அலுவலகம் வழக்கம்போல் இயங்கும்படி செய்துவிடுவார். எல்லோரும் கை தட்டுவார்கள். நான் போய்ப் பார்க்கும்போது தடயம் என்று எதுவும் மிச்சம் இருக்காது. ஃபயர்வால் லாக், அதாவது யார் எப்போது உள்ளே வந்தார்கள், எது வெளியே போனது என்ற பதிவு, ஏற்கெனவே தன்னைத்தானே அழித்துக்கொண்டு மேலெழுதியிருக்கும். இடம் பற்றாது என்று யாரோ ஒரு வாரத்துக்கு மட்டும் வைத்திருப்பார்கள். செர்ட்-இன் உத்தரவு கேட்பது 180 நாள்.

தடயம் போனால் திருடனைப் பிடிக்க முடியாது, அவ்வளவுதானே என்று பலரும் நினைக்கிறார்கள். திருடன் எப்படியும் பெரும்பாலும் பிடிபடுவதில்லை. உண்மையான இழப்பு வேறு. டேட்டா வெளியே போகவில்லை என்று காட்ட லாக் இருந்தால், அறிவிக்க வேண்டியவர்கள் சில நூறு பேரோடு நின்றுவிடலாம். லாக் இல்லையென்றால் அந்த சர்வரில் இருந்த அத்தனை பேருடைய விவரமும் போய்விட்டதாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அழித்த ஒவ்வொரு லாக்கும் நிறுவனத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. அதனால்தான் முதலில் டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து, அதன் ஹாஷ் மதிப்பை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை மாதிரியான ஒரு எண்) குறித்துவிட்டுத்தான் மற்ற எதையும் தொடச் சொல்கிறோம். இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம், மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழிலேயே ஹாஷைக் கேட்கிறது. ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். மறுக்க இடமில்லாத சாட்சி.

சில சமயம் சாட்சி எதிர்பாராத இடத்திலிருந்து வரும். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, திரையில் வந்த மிரட்டல் செய்தியைக் கைப்பேசியில் படம் பிடித்து, "சார், இது என்ன?" என்று மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். காலை 7.52. பக்கத்தில் இரண்டு நீலக் குறி. நிறுவனத்தின் வரைவு அறிக்கையில் 'சுமார் 11 மணியளவில் கண்டறியப்பட்டது' என்று இருந்தது. அந்த வரியை மாற்றினார்கள்.

தெரியும் என்பதற்கு அதிகாரப்பூர்வ அறிவிப்பு தேவையில்லை என்பதற்கு அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் ஒரு விசித்திரமான உதாரணம் உண்டு. 2017ல் சுமார் 14.7 கோடி பேரின் விவரங்கள் போன சம்பவம் அது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு மார்ச்சிலேயே பேட்ச், அதாவது அதை அடைக்கும் திருத்தம், வந்திருந்தும் போடவில்லை. ஜூலை இறுதியில் கண்டுபிடித்து, செப்டம்பர் 7ல் உலகத்துக்குச் சொன்னார்கள். இடைப்பட்ட நாட்களில், அங்கே ஒரு பிரிவின் தகவல் தொழில்நுட்பத் தலைவரிடம், தாக்கப்பட்டது தங்கள் நிறுவனம்தான் என்று யாரும் சொல்லவில்லை. சக ஊழியர்களின் பரபரப்பைப் பார்த்துத் தானாகவே ஊகித்து, கையில் இருந்த பங்குகளை விற்றுவிட்டார். உள்தகவல் வணிகக் குற்றத்துக்காக நான்கு மாதச் சிறை கிடைத்தது. நிறுவனம் 2019ல் ஒப்புக்கொண்ட சமரசத் தொகை 70 கோடி டாலர் வரை போகக்கூடியது.

உபரில் நடந்தது இதைவிட மோசம். 2016ல் 5.7 கோடி பேரின் தகவலை எடுத்தவர்களுக்கு 1 லட்சம் டாலர் பிட்காயினில் கொடுத்து, அதை 'பக் பவுண்டி' (ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்குத் தரும் வெகுமதி) பரிசு என்று கணக்கு எழுதி, வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கினார்கள். அதே சமயத்தில் அமெரிக்க வர்த்தக ஆணையம் அவர்களுடைய முந்தைய கசிவு ஒன்றை விசாரித்துக்கொண்டிருந்தது. பாதுகாப்புத் தலைவராக இருந்த ஜோ சல்லிவன் 2022 அக்டோபரில் குற்றவாளி என்று தீர்ப்பானது. அடுத்த ஆண்டு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு. என் துறையில் பலருக்கு அது அதிர்ச்சி. ஒருவரை மட்டும் பலிகடா ஆக்கிவிட்டார்கள் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனாலும் அவர் தண்டிக்கப்பட்டது ஹேக் ஆனதற்காக அல்ல, விசாரணைக்கு நடுவில் மறைத்ததற்காக.

ஃபைல்களைப் பூட்டி மிரட்டும் கும்பலுக்குப் பணம் கொடுப்பது பற்றியும் கேட்பார்கள். கொடுத்தால் விட்டுவிடுவானா சார் என்பதுதான் இயக்குநர்களின் கவலை. யாருக்குக் கொடுக்கிறீர்கள் தெரியுமா என்று வக்கீல் திருப்பிக் கேட்பார். பணம் வாங்கும் கும்பல் அமெரிக்கத் தடைப் பட்டியலில் இருந்தால், அந்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனம் மாட்டிக்கொள்ளும். இந்த விஷயத்தில் மட்டும் 'எனக்குத் தெரியாது' என்பது காப்பாற்றாது. தெரியாமல் கொடுத்தாலும் சிவில் அபராதம் வரலாம். ஆஸ்திரேலியாவில் 2025 மே 30 முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருவாய் உள்ள நிறுவனங்கள் பணம் கொடுத்தால் 72 மணி நேரத்துக்குள் அரசிடம் சொல்லியாக வேண்டும்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்ற கணக்கு இனி எடுபடாது என்பதற்கு இன்னொரு கூத்து. 2023 நவம்பரில் பிளாக்கேட் என்ற ஹேக்கர் கும்பல், தான் தாக்கிய மெரிடியன்லிங்க் நிறுவனம் தாக்குதலை வெளியிடவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்திடம் தானே புகார் கொடுத்தது! 4 நாள் விதி அப்போது இன்னும் நடைமுறைக்கே வரவில்லை. ஆனால் சட்டக் கெடுவே மிரட்டலுக்கு ஆயுதமாகிவிட்டது.

இவ்வளவுக்கும் நடுவில் ஒழுங்குமுறை அமைப்புகள் கேட்பது அப்படி ஒன்றும் முடியாத காரியமல்ல. ஜிடிபிஆரே விவரங்களைத் தவணை தவணையாகக் கொடுக்க அனுமதிக்கிறது. எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்பதற்கு உத்தேச எண் போதும். 'இன்னும் ஆராய்ந்துவருகிறோம்' என்று எழுதுவதற்கு யாரும் அபராதம் போடுவதில்லை. இதைச் சொன்னால் நிறைய இயக்குநர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். முழுப் பரீட்சையும் எழுதி முடித்துத்தான் தாளைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஆகவே நான் உள்ளே போனதும் ஒரு ஆளை ஓரமாக உட்கார வைத்து, எழுது என்கிறேன். யார், எத்தனை மணிக்கு, எதைப் பார்த்தார், யாரிடம் சொன்னார், என்ன முடிவெடுத்தார்கள், ஏன். அறிவிக்க வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதன் காரணமும் சேர்த்து. அறிவிக்கத் தேவையில்லாத கசிவையும் ஆவணப்படுத்தி வைக்கச் சொல்கிறது ஜிடிபிஆர். மூத்தவர்களுக்கு இந்த நோட்டு பிடிக்காது. "இதையெல்லாம் எழுதி வைக்கணுமா? நாளைக்கு நமக்கே பிரச்சினையாயிடும்" என்பார்கள். ஆகலாம். ஆனால் மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் லாக்கும் எப்படியும் நேரத்தைக் குறித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அவர்கள் கையால் எழுதாத கதையை அவை எழுதிவிடும், அதுவும் காரணங்கள் இல்லாமல். இதை ஏற்றுக்கொள்பவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். மற்றவர்களிடம் வக்கீலைப் பேசச் சொல்லிவிட்டு நான் சர்வர் அறைக்குப் போய்விடுவேன்.