கூக்கத்தின் பிஸ்கட் டப்பா

எதிர்வீட்டுப் பாட்டியை எங்கள் கட்டடத்தில் எல்லோரும் கூக்கம் என்றுதான் கூப்பிடுவோம். கனடாவின் முதற்குடிகளில், அதாவது பூர்வகுடிகளில், ஒன்றான கிரி மக்களின் மொழியில் பாட்டிக்கு அதுதான் பேர். மகள் வடக்கே ரிசர்வில், முதற்குடிகளுக்கென ஒதுக்கிய நிலத்தில், இருக்கிறார். ஏழு வயதுப் பேரனை இவர் இங்கே வின்னிபெக் நகரத்தில் வைத்து வளர்க்கிறார். பையன் பேசுவது இவருக்கு மட்டும்தான் புரியும். பேச்சுப் பயிற்சிக்கு வரிசையில் காத்திருந்து காத்திருந்து ஒரு பள்ளி வருடமே போய்விட்டது. தனியாரிடம் போகக் காசில்லை.

2022 வசந்தத்தில் ஒருநாள், "நீ நன்றாக ஃபாரம் நிரப்புவாயாமே" என்று வந்து நின்றார். குடியேறி வந்தவர்களுக்கு அது தானாக வந்துவிடும் திறமை.

அவர் கேட்டது, முதற்குடிக் குழந்தைகளுக்கான ஜோர்டன் கோட்பாட்டின் கீழ் அரசு தரும் உதவி. எனக்கு அந்தப் பெயரே புதிது. தேநீர் ஆறிப்போகும் வரை அவர்தான் சொன்னார். ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன், எங்கள் மனிடோபா மாகாணத்தின் நார்வே ஹவுஸ் கிரி சமூகத்துக் குழந்தை, 1999இல் பிறந்தவன். வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும், வீட்டில் வைத்துப் பார்க்கும் செலவு யாருடையது என்று மத்திய அரசும் மாகாண அரசும் இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடித்தன. 2005இல், ஐந்து வயதில், மருத்துவமனையிலேயே இறந்தான். முதலில் குழந்தைக்கு வேண்டியதைக் கொடு, கணக்கை அரசுகள் அப்புறம் தீர்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் கோட்பாடு. 2007இல் நாடாளுமன்றம் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் முதற்குடிக் குழந்தைகளுக்காகப் போராடும் சிண்டி பிளாக்ஸ்டாக்கின் அமைப்பும் முதற்குடிகள் பேரவையும் வழக்காடி, 2016இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அது ஏட்டை விட்டு வெளியே வந்தது.

எங்கள் முதல் பயம், பையன் பெயர் இன்னும் 'இந்தியர் சட்ட'ப் பதிவேட்டில் (முதற்குடிகளை அரசு பதியும் ஏடு) ஏறவில்லையே என்பது. தொலைபேசியில் கேட்டோம். தாய்க்குப் பதிவு இருந்தால் போதும் என்றார்கள். ரிசர்வில் வசிக்க வேண்டும் என்பதும் இல்லை. எங்களிடம் வருமானச் சான்று கேட்கவில்லை; அதைக் கூக்கம் கடைசிவரை நம்பவில்லை, வரித்தாள்களையெல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுத் தயாராக வைத்திருந்தார்.

சறுக்கியது கடிதத்தில். பேச்சுப் பயிற்சியாளரிடம் நான் வாங்கி வந்த கடிதத்தில் பையனுக்கு என்ன குறை என்று அரைப் பக்கம் இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. படித்துப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன், தப்பு என்னுடையதுதான். திரும்பக் கேட்டார்கள். தனிக் குழந்தைக்கான கோரிக்கை என்றால், அவசரமானதற்கு 12 மணி நேரத்திலும் மற்றதற்கு 48 மணி நேரத்திலும் முடிவு சொல்ல வேண்டும் என்று தீர்ப்பாயம் விதித்திருக்கிறது. ஆனால் போதிய தகவல் கையில் வந்த பிறகுதான் அந்தக் கணக்கு தொடங்கும். இரண்டாவது கடிதத்துக்கு நானே போய் உட்கார்ந்தேன்: வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை மாதம், ஒரு அமர்வுக்கு என்ன கட்டணம், கிடைக்காவிட்டால் பையனுக்கு என்ன ஆகும். கடைசிக் கேள்விக்குப் பயிற்சியாளர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிவிட்டு எழுதினார்: "வகுப்பில் இவன் பேசுவதை நிறுத்திவிட்டான்."

சம்மதம் வந்தது. மறுத்திருந்தாலும் ஒரு வருடத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் ஒரு தாளைக் கூக்கம் எடுத்து வைத்திருந்தார்.

அடுத்த குளிர்காலத்தில் இன்னொரு பேத்திக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. என்னைக் கூப்பிட்டாரே தவிர, தொலைபேசியை என் கையில் தரவில்லை. தாயின் பதிவு எண்ணைத் தானே சொன்னார். எதிர்முனையில் பேசியவரின் பெயரையும் மணியையும் காலண்டரில் குறித்துக்கொண்டார். "கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் அனுப்புவேன்" என்று சொல்லும்போது மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.