மெக்டொனால்ட்ஸின் சமூகப் பொறுப்பு: பதினைந்துக்கு ஆறு வாங்கிய விடையிலிருந்து வாய்மொழித் தேர்வு வரை

முதுகலை வணிகவியல் மூன்றாம் பருவத்தில், வணிக நெறிமுறைத் தாளுக்கான உள்மதிப்பீட்டுத் தேர்வில், உலகளாவிய துரித உணவு நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் சமூகப் பொறுப்பை ஆராயுமாறு பதினைந்து மதிப்பெண் வினா ஒன்று கேட்கப்பட்டிருந்தது. மெக்டொனால்ட்ஸ் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். ஆறு மதிப்பெண் கிடைத்தது. எழுதியதில் பிழையான தகவல் ஒன்றுகூட இல்லை என்பதால், விடைத்தாளை எடுத்துக்கொண்டு பேராசிரியை அவர்களிடம் முறையிடப் போனேன். அவர் தாளின் ஓரத்தைச் சுட்டிக்காட்டினார். சிவப்பு மையில், “இதை அந்த நிறுவனத்தின் விளம்பரத் துறையே எழுதியிருக்குமே, நீ எதற்கு?” என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரி உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் நான்காம் பருவத்து ஆய்வறிக்கைக்கும் அதே தலைப்பை எடுத்துக்கொண்டேன். இந்தத் தாளுக்கு இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில், அந்த ஓராண்டில் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதல் விடையில் நான் அதிகம் எழுதியது ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லங்களைப் பற்றி. நோயுற்ற குழந்தைகளை மருத்துவமனையில் சேர்த்துவிட்டுப் பெற்றோர் அருகிலேயே தங்குவதற்கான இந்த இல்லங்களில் முதலாவது, 1974இல் பிலடெல்பியாவில் திறக்கப்பட்டது. ஈகிள்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் வீரர் பிரெட் ஹில்லின் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததும், மருத்துவர் ஆட்ரி எவன்ஸ் இப்படியொரு வீடு வேண்டும் என்று கேட்டதும், ஷாம்ராக் ஷேக் என்ற பானத்தின் விற்பனைப் பணம் அதற்குப் போனதும் நல்ல கதைதான். ஆனால் மேலாண்மை அறிஞர் ஆர்ச்சி கேரல் 1991இல் வரைந்த சமூகப் பொறுப்புப் பிரமிடை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அடித்தளத்தில் பொருளாதாரப் பொறுப்பு, அதன்மேல் சட்டப் பொறுப்பு, அதன்மேல் நெறிமுறைப் பொறுப்பு, உச்சியில் கொடை. நான் நான்கு பக்கங்களையும் உச்சியில் இருக்கும் அந்தச் சிறு முக்கோணத்துக்கே செலவிட்டிருந்தேன். ஒரு நிறுவனம் சம்பாதித்த பணத்தில் என்ன தானம் செய்தது என்பதை எழுதிவிட்டு, அந்தப் பணத்தை எப்படிச் சம்பாதித்தது என்பதைத் தொடாமலே விட்டிருந்தேன்.

ஆய்வறிக்கைக்கு ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கி, பக்கத்துக்கு மூன்று பத்தியாகக் கோடு போட்டேன். முதல் பத்தியில் நிறுவனம் செய்ததாகச் சொல்லும் செயல். இரண்டாவதில் ஆண்டும் எண்ணும். மூன்றாவதில், அதைச் செய்யச் சொல்லி நெருக்கியவர் யார் என்ற கேள்விக்கான விடை. மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் எதையும் அறிக்கையில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். மிகவும் கடுமையான விதிதான், சில நல்ல தகவல்களை அதனால் இழந்தேன். ஆனால் விடையின் தரத்தை மாற்றியது அந்த மூன்றாவது பத்திதான்.

எடுத்துக்காட்டாக, பர்கர் வைத்துக் கொடுக்கும் நுரைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். 1990 நவம்பரில், அமெரிக்கக் கிளைகளில் பாலிஸ்டைரீன் பெட்டியைக் கைவிடுவதாக மெக்டொனால்ட்ஸ் அறிவித்தது. இதோடு நிறுத்தினால் அது விளம்பரம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் பள்ளிப் பிள்ளைகள் தாங்கள் சாப்பிட்ட பெட்டிகளை அஞ்சலில் கட்டி நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பும் இயக்கம் நடந்தது. 1990 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியம் என்ற அமைப்புடன் நிறுவனம் கூட்டுப் பணிக்குழு அமைத்தது. அந்த அமைப்பு நிறுவனத்திடமிருந்து ஒரு காசும் வாங்கிக்கொள்ளவில்லை. பணிக்குழுவில் இருந்த அதன் உறுப்பினர்கள் ஒரு நாளாவது உணவகத்தில் நின்று வேலை பார்க்க வேண்டும் என்பதும் ஏற்பாட்டில் இருந்தது. அடுத்த பத்தாண்டுகளில் 30 கோடி பவுண்டு எடையுள்ள பொதி பொருள் தவிர்க்கப்பட்டதாக அந்த அமைப்பே கணக்கிட்டுச் சொன்னது. எண்ணைச் சொன்னவர் வெளியார், அதுவும் காசு வாங்காத வெளியார் என்பதை விடையில் ஒரு வாக்கியத்தில் சேர்த்துவிட்டால், அதே எண்ணுக்கு இரட்டிப்பு எடை வந்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான நிகழ்வு லண்டனில் நடந்தது. நிறுவனத்தைக் குறைகூறும் துண்டறிக்கை ஒன்றை விநியோகித்ததற்காக 1990இல் ஐந்து பேர்மீது அவதூறு வழக்கு தொடுக்கப்பட்டது. மூவர் மன்னிப்புக் கேட்டு விலகிக்கொள்ள, ஹெலன் ஸ்டீல், டேவிட் மோரிஸ் என்ற இருவர் மட்டும் நின்றார்கள். அவதூறு வழக்குக்கு அரசின் சட்ட உதவி கிடையாது என்பதால் பெரும்பாலும் தாங்களே வாதாடினார்கள். விசாரணை 313 நாட்கள் நடந்தது. 1997 ஜூன் 19 அன்று வந்த தீர்ப்பைப் பல மாணவர்கள் ‘நிறுவனம் வென்றது’ என்றோ ‘நிறுவனம் தோற்றது’ என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள், இரண்டும் அரைகுறை. துண்டறிக்கையின் பல குற்றச்சாட்டுகள் மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி இருவரும் 60,000 பவுண்டு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று நீதிபதி பெல் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அது 40,000 ஆகக் குறைந்தது. அதே தீர்ப்பிலேயே, விளம்பரங்களின் மூலம் குழந்தைகளைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்திக்கொள்வது, சில விலங்குகள் வதைபடுவதற்குப் பொறுப்பாக இருப்பது, குறைந்த கூலி கொடுப்பது ஆகியவற்றில் நிறுவனத்துக்கு எதிரான கருத்துகள் உண்மையெனவும் கண்டார். பின்னர் 2005இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இருவருக்கும் நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று பிரிட்டிஷ் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சமூகப் பொறுப்பு பற்றிய விடையில் இந்த வழக்கை எழுதுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே காரணம் இதுதான்: நிறுவனம் தானே தேர்ந்தெடுத்த களத்தில், தானே தொடுத்த வழக்கில், அதன் நடத்தையை ஒரு நீதிபதி வகைவகையாகப் பிரித்து மதிப்பிட்டிருக்கிறார். இப்படிப்பட்ட ஆவணம் வேறு நிறுவனங்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை.

சட்டப் பொறுப்புக்கும் நெறிமுறைப் பொறுப்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக என்று வந்தால், நான் உருளைக்கிழங்கு வறுவலைத்தான் எழுதுவேன். மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதை நிறுத்தித் தாவர எண்ணெய்க்கு மாறுவதாக 1990இல் நிறுவனம் அமெரிக்காவில் அறிவித்தது. அதை நம்பி, அங்கு வாழும் இந்துக்கள் உள்ளிட்ட சைவ உணவுக்காரர்கள் வாங்கிச் சாப்பிட்டார்கள். ஆனால் வறுவல் கடைக்கு வருமுன்பே, தொழிற்சாலையில் மாட்டிறைச்சியிலிருந்து எடுத்த சுவையூட்டி சேர்க்கப்பட்டிருந்தது. பொருட்பட்டியலில் அது ‘இயற்கைச் சுவையூட்டி’ என்ற பெயரில் இருந்தது. அப்படிக் குறிப்பிடுவது விதிகளுக்கு உட்பட்டதே என்றது நிறுவனம். 2001இல் வழக்கு வந்தது. 2002இல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, சைவ உணவு, இந்து சமய அமைப்புகள் முதலியவற்றுக்கு ஒரு கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. விதிக்கு உட்பட்ட ஒரு சொல், நம்பிச் சாப்பிட்டவருக்கு என்ன செய்தது என்பதை நம் வீட்டுப் பாட்டிகளிடம் கேட்டால் கேரலைப் படிக்காமலே விளக்குவார்கள்.

தொழிலாளர் பகுதியில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன், ஏனெனில் இந்நிறுவனத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. உலகெங்கும் உள்ள 40,000க்கு மேற்பட்ட கிளைகளில் ஏறத்தாழ 95 சதவீதம் உரிமம் பெற்ற தனியாருடையவை. அங்கே வேலை பார்ப்பவருக்குச் சம்பளம் கொடுப்பவர் அந்த உரிமக்காரர். 2012 நவம்பரில் நியூயார்க்கில் துரித உணவுத் தொழிலாளர்கள் மணிக்கு 15 டாலர் கூலியும் சங்கம் அமைக்கும் உரிமையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த இயக்கம் நாடெங்கும் பரவியது. 2015 ஏப்ரலில் மெக்டொனால்ட்ஸ், அந்தந்த ஊரின் குறைந்தபட்சக் கூலியைவிட மணிக்கு ஒரு டாலராவது கூடுதலாகத் தருவதாக அறிவித்தது. செய்தித் தலைப்பு அவ்வளவுதான். உள்ளே படித்தால், அந்த உயர்வு நிறுவனமே நேரடியாக நடத்தும் கிளைகளுக்கு மட்டும். அப்போது அமெரிக்கக் கிளைகளில் அவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, பயன்பெற்றவர்கள் சுமார் 90,000 பேர். பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தும், சீருடை ஒன்றாக இருந்தும், தெருவின் இந்த முனையில் நிற்பவருக்குக் கிடைத்தது அந்த முனையில் நிற்பவருக்குக் கிடைக்கவில்லை. உரிமக்காரருடன் சேர்ந்து தொழிலாளர்களுக்குப் பொறுப்பேற்க வேண்டிய கூட்டு முதலாளிதானா தாய் நிறுவனமும் என்ற வழக்கு அமெரிக்கத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தில் பல ஆண்டுகள் நடந்து, 2019 டிசம்பரில், தாய் நிறுவனத்தைக் கூட்டு முதலாளி என்று அறிவிக்காமலேயே சமரசமாக முடிந்தது.

எண்களைக் கண்டால் பயப்படுபவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. 2018 மார்ச்சில் மெக்டொனால்ட்ஸ் பசுமைக்குடில் வாயு இலக்குகளை அறிவித்தது. உணவகங்களும் அலுவலகங்களும் வெளியிடும் அளவை 2015ஐ அடிப்படையாகக் கொண்டு 2030க்குள் 36 சதவீதம் குறைப்பது ஒன்று. வழங்கல் சங்கிலியில் ஒரு டன் உணவுக்கும் பொதிக்குமான வெளியீட்டை 31 சதவீதம் குறைப்பது மற்றொன்று. முதலாவது மொத்த அளவு, இரண்டாவது வீதம். இந்த வேறுபாட்டைத் தேர்வறையில் இப்படிக் காட்டலாம்: தொடக்கத்தில் 100 டன் உணவு, டன்னுக்கு 100 அலகு என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 10,000. வீதம் 31 சதவீதம் குறைந்து 69 ஆகிறது. ஆனால் விற்பனை 145 டன்னாகக் கூடிவிட்டால் மொத்தம் 10,005. இலக்கை எட்டிய பிறகும் வளிமண்டலத்துக்குப் போவது ஐந்து அலகு அதிகம். இவை என் கற்பனை எண்கள்தாம், அப்படியென்று விடையிலும் குறிப்பிட வேண்டும். இரண்டு வரி இடம் போதும். திருத்துபவரின் பேனா அங்கே நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்திய மாணவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நம் நாட்டில் சமூகப் பொறுப்பு என்ற சொல்லுக்கு 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு ஒரு குறிப்பிட்ட பொருளைத் தந்துவிட்டது: நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு வரம்பை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். வழக்கமான வணிகத்தின் பகுதியாகச் செய்யும் செயல்கள் அந்தக் கணக்கில் சேரா. ஆகவே நான் மேலே எழுதிய பெட்டியும் கூலியும் வறுவலும் நம் சட்டத்தின் கண்ணில் சமூகப் பொறுப்பே இல்லை. பிலடெல்பியா இல்லம் போன்ற கொடை மட்டுமே அதன் வரம்புக்குள் வரும். எந்தப் பொருளில் அந்தச் சொல்லைக் கையாள்கிறோம் என்று விடையின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

நேரம் பற்றி ஒன்று மட்டும்: பதினைந்து மதிப்பெண்ணுக்கு மூன்று நிகழ்வுகளுக்கு மேல் எடுக்காதீர்கள். எட்டு நிகழ்வுகளை ஒவ்வொரு வரியாக அடுக்கிய நண்பர் எனக்கும் குறைவாக வாங்கினார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அறிக்கையைப் புரட்டி, காகித உறிஞ்சுகுழல் பற்றிய பக்கத்தில் நிறுத்தினார். பிரிட்டனில் 2018இல் பிளாஸ்டிக் ஸ்ட்ராவை விட்டுக் காகிதத்துக்கு மாறினார்கள். அது மில்க்‌ஷேக்கில் ஊறிக் கரைகிறது என்று வாடிக்கையாளர்கள் குறைபட்டதால் தடிமனாக்கினார்கள். தடிமனானதால் மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்ள முடியவில்லை என்று 2019இல் தெரியவந்தது. விட்டுவந்த பிளாஸ்டிக் ஸ்ட்ராவோ மறுசுழற்சிக்கு உகந்தது. நான் ஒப்பித்ததைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: “கூலியைப் பற்றிக் கேட்டால் கிளையின் முதலாளி வேறு என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நாடு முழுவதும் உள்ள கிளைகளில் ஸ்ட்ராவை மட்டும் ஒரே உத்தரவில் மாற்ற எப்படி முடிந்தது, தம்பி?”

உரிம ஒப்பந்தம் சமையல் முறை, பொருள், சீருடை, பெயர்ப்பலகை என்று எல்லாவற்றையும் வரையறுக்கிறது, கூலியை மட்டும் உரிமக்காரரிடம் விட்டுவிடுகிறது, அதையும் வரையறுத்தால் கூட்டு முதலாளி என்ற பொறுப்பு தலையில் வந்து விழும் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். “அதை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்?” என்றார். எழுதவில்லை. ஸ்ட்ரா நான்காம் அத்தியாயத்திலும் கூலி ஐந்தாம் அத்தியாயத்திலும் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை, அறிக்கையோ மூன்று படிகளாகப் பைண்டிங் முடிந்து மேசைமேல் இருந்தது.