கல் யானையும் யானைக் கல்லும்

மீனாட்சியம்மனைக் கும்பிட்டுவிட்டு சுவாமி சந்நிதிப் பிரகாரத்தைச் சுற்றும்போது, சித்தர் வடிவில் வந்த சிவனான எல்லாம் வல்ல சித்தர் முன்னால்தான் கூட்டம் நெரியும். விமானத்தைத் தாங்கி நிற்கும் கல் யானைகளை அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. சித்தரின் பெருமையே ஒரு கல் யானையால் வந்தது. அபிஷேக பாண்டியன் சோதித்துப் பார்க்க, சித்தர் கண்காட்ட, கல் யானை உயிர்பெற்றுக் கரும்பைத் தின்றதோடு விடாமல் ராஜாவின் முத்துமாலையையும் பறித்துக்கொண்டது. தை முதல் நாளில் இன்றும் கோயிலில் இந்த லீலை நடக்கிறது.

திருவிளையாடல் புராணத்தில் இது 21ஆம் படலம். 22இல் எல்லாம் தலைகீழ்: யானை கல்லாகிறது! சோழனுக்காகச் சமணர்கள் வேள்வியில் எழுப்பி மதுரைமேல் ஏவிய யானையை, சோமசுந்தரர் வேடனாக வந்து நரசிங்கக் கணையால் சாய்த்தார். அதுதான் ஒத்தக்கடை யானைமலை. சரி, அதையும் பார்த்துவிடலாமே என்று மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினேன்.

ரோட்டிலிருந்து பார்த்தால் துதிக்கையை நீட்டிப் படுத்த யானையேதான். புராணம் கேட்காதவருக்கும் வேறு பெயர் தோன்றாது.

மலையடிவாரத்து நரசிங்கம் கோயிலில் கருவறையே மலையைக் குடைந்ததுதான். தீபம் காட்டும்போது யோக நரசிம்மரைப் பார்த்து நின்றேன். எய்தவர் சிவன், அம்பு நரசிம்மம், விழுந்த யானையின் உடம்புக்குள் பெருமாள். சைவ வைணவச் சண்டை போடுகிறவர்களை ஒருதரம் இங்கே கூட்டிவர வேண்டும். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி இதைக் குடைவித்தார். கும்பாபிஷேக நீர் தெளிக்கும் முன்பே அவர் காலமாகிவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து நீர் தெளித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது, காலம் கி.பி. 770. அண்ணன் கண்ணால் பார்க்காமல் போன கும்பாபிஷேகம். அர்ச்சனையைவிட இதுதான் எனக்கு மனதில் நின்றது.

அப்புறம் இந்த மலையிலேயே மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை இயக்கி என்று சமணச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து. சில இடங்களில் சுதையும் வண்ணமும் இன்னும் ஒட்டியிருக்கின்றன. அவற்றுக்கும் பல நூற்றாண்டு முந்தியது சமணர் குகையின் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு. யாரை விரோதி என்கிறதோ புராணம், அவர்கள் அந்த யானையின் முதுகிலேயே படுக்கை வெட்டித் தவம் இருந்திருக்கிறார்கள்.

லாடன் கோயில் முருகனும் தெய்வானையும் இதே பாறைக்குள்தான். நரசிங்கம் போகிறவர்கள் அங்கும் எட்டிப் பாருங்கள். பிரதோஷத்தன்று மட்டும் வேண்டாம், நரசிம்மரிடம் கூட்டம் தாங்காது.